முப்பது பேரும் முப்பது குதிரையும்

டிசம்பரில் தார் பாலைவனம் போகவிருக்கும் கோலாலம்பூர், செந்தூல் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயணத் திட்டம் நாலு கை மாறி என் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. ஜோத்பூரில் இறங்குவது, அங்கிருந்து ஜெய்சால்மர் பக்கம் போவது, மார்வாரிக் குதிரையில் ஏறி ஐந்து நாள் சவாரி, ஐந்து இரவும் மணலில் கூடாரம். தெம்ப்ளர் பார்க், உலு யாம் என்று சனி ஞாயிறு சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இப்படி ஓர் ஆசை வந்ததே எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் திட்டத்தின் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன். ‘மொத்தம் 30 பேர், ஆளுக்கு ஒரு குதிரை.’ அந்த முப்பதோடுதான் எனக்குச் சண்டை. தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவீர்கள். அதனால் எல்லாரும் படிக்கும்படி பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு குதிரை சாதாரண நாளில் 25 முதல் 50 லிட்டர் குடிக்கும். வெயிலில் ஆளைச் சுமந்து மணலில் நடந்த நாளில் அதற்கு மேலும் கேட்கும். நடுவாக 40 என்று வையுங்கள். முப்பது குதிரைக்கு 1,200 லிட்டர். மனிதருக்குக் குடிக்க மட்டும் நாளுக்கு 4 லிட்டர் வேண்டும் என்று அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை தன் பாலைவனப் பூங்காக்களுக்கு வருகிறவர்களிடம் சொல்கிறது. சமையல், பாத்திரம், கைகால் கழுவுவது எல்லாம் சேர்த்து, மிகவும் சிக்கனமாக, ஆளுக்குப் பத்து லிட்டர். நீங்கள் முப்பது, குதிரைக்காரர், சமையல்காரர், ஓட்டுநர் என்று கூட வருகிறவர்கள் ஒரு பன்னிரண்டு. அது 420 லிட்டர். ஆக நாளுக்கு 1,600 லிட்டருக்கு மேல், ஐந்து நாளுக்கு எட்டு டன். தீவனம் வேறு. நானூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு எட்டுக் கிலோ உலர்புல் வேண்டும். முப்பதுக்கு 240 கிலோ. இதையெல்லாம் தூக்கிக்கொண்டு உங்கள் பின்னால் லோரி வரவேண்டும். லோரி போகக்கூடிய இடம் வரைக்கும்தான் உங்கள் ‘ஆளில்லாப் பாலைவனம்’.

எட்டு டன் பெரிய விஷயமா என்று நமக்குத் தோன்றும். செந்தூலில் மாலை நாலு மணிக்கு மேல் ஒரு மழை அடித்தால் கால்வாயில் போகிற தண்ணீர் அதைவிட அதிகம். ஜெய்சால்மரில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான். கோலாலம்பூரில் ஒரு நவம்பர் மாதம் மட்டுமே அதைத் தாண்டிப் பெய்வதுண்டு. அந்தக் கொஞ்ச மழையைப் பிடிக்க அங்கே ‘டாங்கா’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தரையைச் சுற்றிலும் சரிவாக மெழுகி, நடுவில் ஆழக் குழி வெட்டி, மேலே கூரை போட்டு மூடிய தொட்டி. ஒரு பருவ மழையில் சேர்வது ஒரு குடும்பத்துக்கோ சில குடும்பங்களுக்கோ மாதக்கணக்கில் வரவேண்டும். பல இடங்களில் அதன் மூடிக்குப் பூட்டு போட்டிருப்பார்கள். இந்திரா காந்தி கால்வாய் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனால் கால்வாய் எட்டாத மணற்காட்டில்தான் நீங்கள் கூடாரம் அடிக்கப் போகிறீர்கள். விருந்தாளி கேட்டால் இல்லை என்று சொல்லாத ஊர் அது. முப்பது குதிரையை ஒரே மாலையில் அவர்கள் டாங்காவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால், இல்லை என்று சொல்லத் தெரியாத அந்த நல்ல குணத்தைத்தான் நீங்கள் கொள்ளையடிக்கிறீர்கள்.

பெரிய கூட்டமாய்ப் போவது நம் வழக்கம். தைப்பூசத்துக்குப் பத்துமலை நடப்பதானாலும், பங்கோர் தீவுக்குப் பேருந்து பிடிப்பதானாலும், ‘யாரையும் விட்டுட்டுப் போகக்கூடாது’ என்பதுதான் செந்தூல் சட்டம். இரயில்வே பட்டறை வரிசை வீடுகளில் வளர்ந்த தலைமுறையிலிருந்து வந்த பழக்கம் அது. நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கூட்டம் பெரிதானால் எதையும் கேட்பதற்கு ஆளில்லாமல் போகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். இவன் கேட்டிருப்பான் என்று அவன், அவன் கேட்டிருப்பான் என்று இவன். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பத்தாங்காலியில் முகாம்தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த இடத்தில் முகாம் நடத்த உரிமமே இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. அங்கே படுத்திருந்தவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. பணம் கட்டிப் படுக்கப் போகிறவர், தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்றே நமக்கு அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தென்கொரியாவின் செமாங்கம் என்ற இடத்தில் உலகச் சாரணர் ஜம்போரி நடந்தது. கடலைத் தூர்த்து எடுத்த, நிழலுக்கு மரமில்லாத வெட்டவெளி. சுமார் 43,000 பிள்ளைகள். வெயிலில் நூற்றுக்கணக்கானோர் சுருண்டு விழ, பிரிட்டன், அமெரிக்கச் சாரணர்கள் பாதியிலேயே கிளம்பினார்கள். கடைசியில் புயல் வருகிறது என்று எல்லாரையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. பின்னால் ஓர் அரசாங்கமே இருந்தது, பணத்துக்கும் பஞ்சமில்லை. இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்வியைக் கடைசியில் கேட்டதால் வந்த வினை.

அடுத்தது, உங்கள் அனுபவம். நீங்கள் நல்ல முகாம்காரர்கள்தான். மழையில் தார்ப்பாய் கட்டுவது, அட்டைக்கு உப்பு வைப்பது, ஆற்றில் ‘கெப்பாலா ஆயர்’ என்ற திடீர் வெள்ளம் இறங்கும் முன் தண்ணீர் நிறம் மாறுவதைக் கவனிப்பது, எல்லாம் தெரியும். அந்தக் காட்டுப் புத்தியில் பாதி அங்கே செல்லாது. நம் காட்டில் வாழைப்பழத் தோலை எறிந்தால் சீக்கிரமே மண்ணாகிவிடும். பாலைவனத்தில் ஆரஞ்சுத் தோல் காய்ந்து, விறைத்து, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மனிதக் கழிவும் அப்படியே. மக்கச் செய்ய ஈரமும் இல்லை, நுண்ணுயிரும் குறைவு. கழிவறைத் தாளைப் புதைத்தால் காற்று மணலை வாரிக்கொண்டு போய், தாளை மட்டும் மேலே விட்டுவைக்கும். கொண்டுபோன குப்பை எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவரத்தான் வேண்டும். கலிபோர்னியாவின் பாலைவனப் பூங்காக்களில் குதிரையோடு வருகிறவர்களுக்கென்று தனி முகாம்தளமே ஒதுக்கி, அடைப்புக் கட்டி, சாணத்தை அள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். களை விதை கலந்திராத புல்தான் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனையும் உண்டு. நம்மவருக்கு அது அதிகப்படியாகத் தோன்றும். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

கூடார முளையும் அங்கே நிற்காது. தளர்ந்த மணலில் எவ்வளவு ஆழம் அடித்தாலும் காற்று பிடுங்கிவிடும். துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒரு முழம் ஆழத்தில் புதைக்க வேண்டும். மணல்மேட்டு உச்சியில் காற்று. பள்ளத்தில் இரவுக் குளிர் வந்து தேங்கும். இரண்டுக்கும் நடுவில் இடம் பாருங்கள். டிசம்பரில் பகல் 25 பாகை இருக்கும், இரவில் பத்துக்குக் கீழே இறங்கும், சில இரவுகளில் இரண்டு மூன்றுக்கும் போகும். கேமரன் மலையில் போட்ட சட்டையை நம்பிப் போகாதீர்கள். காலையில் சப்பாத்தைத் தட்டிவிட்டுப் போடுங்கள். தேளும் சுருட்டை விரியனும் உள்ள நாடு. குளிர்காலத்தில் அவை ஒடுங்கிக் கிடந்தாலும் உங்கள் சப்பாத்துக்குள்ளேயே ஒடுங்கலாம்.

காய்ந்த ஆற்றுப்படுகையில் மட்டும் படுக்காதீர்கள். மணல் சமமாக, மெத்தென்று, காற்றுக்கு மறைவாக, ஆசை காட்டும். பாலைவனத்தில் வெள்ளமா என்று சிரிக்கவேண்டாம். 2006 ஆகஸ்டில் ஜெய்சால்மருக்குப் பக்கத்து மாவட்டமான பார்மேரில், ஆண்டு முழுக்கப் பெய்யவேண்டியதைப்போல் சில மடங்கு மழை சில நாள்களிலேயே கொட்டியது. கவாஸ் என்ற ஊரே மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மணலுக்கு அடியில் ஜிப்சம் படிவம் இருந்ததால் தண்ணீர் கீழே இறங்காமல் மாதக்கணக்கில் குளமாய் நின்றது. டிசம்பரில் அப்படிப் பெய்ய வாய்ப்பு குறைவுதான். இருந்தாலும் பழக்கம் பழக்கமாகவே இருக்கட்டும்.

இனி குதிரை. உங்கள் திட்டத்தில் குதிரை பற்றி இருப்பது ‘படம் எடுக்க நல்ல வாய்ப்பு’ என்ற ஒரே வரி. வாய்ப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மார்வாரியின் காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொண்டு நிற்கும். உலகத்தில் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத அழகு. ஆனால் அந்தக் காதை நான் ரசித்தது சவாரியில் இல்லை, தண்ணீர் வேளையில். குரி என்ற ஊருக்குப் பக்கத்தில் நான் முன்பு போயிருந்த முகாம் ஒன்றில், பொழுது சாயும் நேரம். குதிரைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர், பேச்சே இல்லாதவர். சவாரிக்காரர்கள் இறங்கித் தேநீருக்கு ஓடியதும் இவர் வேலையைத் தொடங்கினார். முதலில் வயிற்றுவாரைத் தளர்த்தினார், உடனே கழற்றவில்லை. முதுகு கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டார். நாலு காலையும் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்தார், சூடு எங்காவது நிற்கிறதா என்று. குளம்பைத் தூக்கி இடுக்கில் இருந்த கல்லை நெம்பி எடுத்தார். கழுத்துத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டார். சட்டென்று பழையபடி படிந்தால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது, மெதுவாகப் படிந்தால் வற்றியிருக்கிறது. வயிற்றில் காதை வைத்துக் குடல் இரைகிறதா என்று கேட்டார். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. குடலில் எது அடைத்தாலும் உயிரோடு விளையாட்டு. பிறகு கான்வாஸ் வாளியில் தண்ணீர். குதிரை உறிஞ்சி விழுங்கும் ஒவ்வொரு மடக்குக்கும் அந்த வளைந்த காது ஒரு துடி துடித்தது. அவர் உதடு அசைய, அந்தத் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தார். நேற்றைவிடக் குறைந்தால் இன்று இரவு தூங்கமாட்டார். தீவனத்தைத் தரையில் போடாமல் பையில் இட்டுத் தலையில் மாட்டினார், புல்லோடு மணலும் குடலுக்குள் போய்விடக்கூடாதே என்று. கடைசியாக முன்கயிறு, பின்கயிறு, முதுகில் கம்பளி. ஒரு குதிரைக்கு முக்கால் மணிநேரம் ஆயிற்று. அவர் பொறுப்பில் இருந்தவை மூன்று. முப்பது குதிரைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். ‘நாலு ஆள் வருவாங்க’ என்று ஏற்பாட்டாளர் சொன்னாரென்றால், தோலைக் கிள்ளிப் பார்க்க யாரும் வரப்போவதில்லை.

குதிரையைப் பணம் கொடுத்து எடுத்தால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று நினைப்பது நமக்குப் புதிதல்ல. தேவார வகுப்புக்குப் போனவர்களுக்கு மாணிக்கவாசகர் கதை தெரிந்திருக்கும். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணம் திருப்பெருந்துறையில் கோயிலானதும், நரி பரியானதும். கதைக்கு அடியில் ஒரு வரலாறு இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்தும் பாரசீகப் பக்கத்திலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் இறங்கியதை எழுதியிருக்கிறார். ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவார்களாம், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். இறைச்சியோடு சேர்த்து வேகவைத்த சோற்றைத் தீனியாகப் போட்டார்கள், பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை என்கிறார். குதிரை விற்கும் வணிகர்கள் வைத்தியம் தெரிந்தவர்களை வேண்டுமென்றே கூட்டி வராமல் இருந்தார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம். அவர் சொன்னதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். கருவூலத்தைக் காலி செய்த அந்த வியாபாரம் நடந்தது மட்டும் உண்மை. இங்கே கோலாலம்பூரிலும் பாருங்கள், இரட்டைக் கோபுரம் நிற்கும் இடம் முன்பு பந்தயத் திடல். சனிக்கிழமை குதிரை பார்க்கப் போன பெரியவர்கள் நம் தெருவிலும் இருந்தார்கள். எந்தக் குதிரை முதலில் வரும் என்று சொல்லுவார்கள். என்ன தின்னும் என்று கேட்டால் நாலு நம்பர் லாட்டரி எழுதப் போய்விடுவார்கள்.

விறகு பற்றி ஒரு வார்த்தை. ‘இரவு கேம்ப்ஃபயர்’ என்று ஐந்து நாளுக்கும் போட்டிருக்கிறீர்கள். அங்கே கண்ணுக்கு எட்டிய வரை நிற்கும் ஒன்றிரண்டு மரம் பெரும்பாலும் கெஜ்ரியாக இருக்கும். அது வேறு யாரும் இல்லை, நம் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. பாண்டவர்கள் ஆயுதத்தை ஒளித்துவைத்ததாகச் சொல்லும் மரம். ஜோத்பூருக்குப் பக்கத்தில் கெஜர்லி என்ற கிராமத்தில் 1730-இல் அரண்மனை வேலைக்காக இந்த மரத்தை வெட்ட ஆள் வந்தபோது, அம்ருதா தேவி என்ற பிஷ்னோய்ச் சமூகப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு வெட்டுப்பட்டார். அவரோடு உயிர் கொடுத்தவர்கள் சேர்த்து 363 பேர். அந்த மண்ணில் நின்று காய்ந்த கிளை என்று ஒன்றை ஒடிப்பதற்கு முன் சுற்றிப் பாருங்கள். குதிரையையும் அதில் கட்டாதீர்கள். நின்ற இடத்தில் காலால் தோண்டி வேரை வெளியே எடுத்துவிடும், பட்டையையும் கடிக்கும். விறகு வேண்டுமானால் ஊரிலிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டு போங்கள். ஐந்து இரவுக்கு வேண்டாம், ஒரே ஓர் இரவு போதும்.

நீங்கள் பாட்டுப் போடும் ஸ்பீக்கரையும் வீட்டில் வைத்துவிடுங்கள். உலு யாம் ஆற்றோரத்தில் நம் கூட்டம் எங்கே இருக்கிறது என்று ஒரு கிலோமீட்டருக்கு முன்பே கேட்கும். பக்கத்துக் கூடாரத்துச் சீனக் குடும்பமும் மலாய்க் குடும்பமும் பொறுத்துக்கொள்வார்கள். குதிரை பொறுக்காது. கூட்டமாக வாழும் பிராணி. ஒன்று மிரண்டு முளையைப் பிடுங்கினால் மற்றதும் பிடுங்கும். இருட்டில், மணலில், பதினைந்து குதிரை நாலு திசையில் ஓடினால் தேட உங்களுக்கு வழி தெரியாது. அந்தப் பக்கத்தில்தான் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்காவும் இருக்கிறது. கானமயிலின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த பறவை, இப்போது உலகத்திலேயே சுமார் 150 தான் மிச்சம் என்கிறார்கள். வெறுந்தரையில் ஒற்றை முட்டை இடும். அதன் அருகே குதிரை ஓட்டிக்கொண்டு போக யாராவது வழி காட்டினால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காகித வேலை பற்றி உங்கள் திட்டத்தில் ஒன்றுமே இல்லை. பெயர் முனியாண்டியாக இருந்தாலும் கடவுச்சீட்டு மலேசியா என்றால் அங்கே நீங்கள் வெளிநாட்டவர். ஜெய்சால்மரும் பார்மேரும் பாகிஸ்தான் எல்லை மாவட்டங்கள். சுற்றுலாப் பயணிகள் வழக்கமாகப் போகும் சாம் மணல்மேடு போன்ற இடங்களைத் தாண்டி எல்லைப் பக்கம் போக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அதைவிட முக்கியம், செயற்கைக்கோள் தொலைபேசி. ‘பாதுகாப்புக்கு’ என்று உங்களில் ஒருவர் வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். இந்தியாவுக்குள் அனுமதி இல்லாமல் அதைக் கொண்டுபோவது குற்றம். தெரியாமல் கொண்டுபோன வெளிநாட்டவர்கள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். டிரோனும் வேண்டாம். எல்லையோரத்தில் அதைப் பறக்கவிட்டால் படம் எடுப்பது நீங்களாக இருக்காது, உங்களைத்தான் எடுப்பார்கள்.

எட்டுப் பேர் போங்கள். எட்டுக் குதிரை, மூன்று குதிரைக்காரர், ஒரு சமையல்காரர், ஓர் ஓட்டுநர். நாளுக்கு 450 லிட்டரில் முடியும், ஒரு சின்ன வண்டி போதும், ஒரு கிராமத்துக்கும் பாரமாக இருக்கமாட்டீர்கள். யாரை விடுவது என்ற சங்கடம் உங்களுக்கு வேண்டாம். குதிரையே முடிவு செய்யட்டும். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சேணத்தோடு சேர்த்து நோகாமல் சுமக்கும். நானூறு கிலோ குதிரைக்கு எண்பது கிலோ, சேணம் போக ஆளுக்கு எழுபதுக்குள். தினம் பசியாற மூன்று ரொட்டி சானாய் சாப்பிடுகிறவர்கள் தராசைப் பார்த்துக்கொள்ளுங்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிறகு, கிள்ளான் பள்ளத்தாக்கில் குதிரையேற்றம் கற்றுத்தரும் இடங்கள் இருக்கின்றன. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் வாரம் ஒருநாள் போய்ப் பழகுங்கள். இரண்டு மணிநேரம் சேணத்தில் உட்கார்ந்த மறுநாள் மாடிப்படி இறங்கமுடியாமல் தொடை இறுகும்போது, பட்டியல் தானாகக் குறையும். மிச்சப் பேர் ஜோத்பூர், ஜெய்சால்மர் வரைக்கும் கூட வரட்டும். ஜோத்பூரில் மெஹ்ராங்கர் கோட்டை இருக்கிறது, ஜெய்சால்மரில் மக்கள் இன்றும் குடியிருக்கும் கோட்டை இருக்கிறது. ஐந்து நாள் போதாது. அடுத்த ஆண்டு அவர்களில் எட்டுப் பேர் குதிரையில் போகலாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் நாலு விஷயம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் எந்த ஊரிலிருந்து வருகிறது, அந்த ஊருக்கு அதற்காக என்ன கொடுக்கிறார். குதிரைக்காரர் ஒருவருக்கு எத்தனை குதிரை. கால்நடை மருத்துவர் எத்தனை மணிநேரத் தூரத்தில். ஐந்து இரவும் எங்கே தங்குகிறோம், அந்த நிலம் யாருடையது, அனுமதி யார் பெயரில். இதற்கெல்லாம் ‘கவலைப்படாதீங்க பாய், எல்லாம் இருக்கு’ என்று பதில் வந்தால், வெள்ளியை அனுப்பாதீர்கள், வேறு ஆள் பாருங்கள். என்னிடம் மடக்கு வாளி இரண்டு சும்மா கிடக்கிறது. வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் செந்தூல் பாசார் கோப்பிக்கடைக்கு வாருங்கள், தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் செந்தூல் அண்ணன்